மின்சாரம் வந்ததும் பாட வேண்டும்

பழைய வால்வு ரேடியோவுக்கு ஞாபகசக்தி என்று தனியாக ஒன்று தேவைப்பட்டதில்லை. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் வருஷம் மே மாதம் 16-ஆம் தேதி தொடங்கிய பின்னர், லைசென்ஸ் கட்டி ரேடியோ வாங்கி வைத்த வீடுகளில், முள்ளை எந்த நிலையத்தில் நிறுத்தினார்களோ அந்த நிலையத்திலேயே அது நின்றது. குமிழைத் திருகும்போது உள்ளே கண்டென்சரின் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு தூரம் நுழைந்தனவோ, அந்த நிலைதான் அதன் ஞாபகம். மின்சாரம் போய்த் திரும்பினால், வால்வு சூடேறும் வரை சற்றுப் பொறுத்து, விட்ட நிலையத்தையே மறுபடியும் பாடிற்று. இதை ஒரு சாமர்த்தியமாக அன்று யாரும் மெச்சியதில்லை.

இன்று வீட்டில் செய்துகொள்ளும் இணைய வானொலிக்கு அந்த எளிய குணத்தைச் சொல்லிக் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. 2012 பிப்ரவரி 29-ஆம் தேதி விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினி, ஒரு ஸ்பீக்கர், ஒரு மெமரி கார்டு, அதில் எம்.பி.டி. என்னும் இலவச மென்பொருள், இவை இருந்தால் வானொலி தயார். திருச்சி நிலையத்தின் 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையைக் கேட்க இந்தப் பிரயத்தனம் வேண்டியதில்லைதான். ஆனால் பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுபோயிற்று. சிற்றலையில் தேடிப் பிடிப்பதற்கு வரவரக் குரல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்க, ஆலங்குடியில் திண்ணையில் உட்கார்ந்தபடி சிங்கப்பூரின் ஒலி 96.8-ஐயும் மலேசியாவின் மின்னல் எஃப்.எம்.-ஐயும் அவர்கள் கேட்கிற அதே நேரத்தில் கேட்க விரும்பும் பெற்றோருக்கு, இணையத்தை விட்டால் வழியில்லை. (குருபகவானைத் தரிசிக்க ஜனங்கள் போகும் ஆலங்குடி திருவாரூர் ஜில்லாவில் இருப்பது, நான் சொல்வது புதுக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஆலங்குடி.)

இந்தப் பிரதேசத்தில் மின்சாரம் போவதென்பது எவரையும் திடுக்கிட வைக்கும் சமாசாரமல்ல. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரையேறிய கஜா புயல், கீரமங்கலம், வடகாடு பக்கத்துத் தென்னைகளையும் பலா மரங்களையும் சாய்த்து, மின்கம்பங்களையும் கூடவே சாய்த்து, பல கிராமங்களை நாட்கணக்கில், சிலவற்றை வாரக்கணக்கில், இருளில் கிடத்தியது ஒருபுறமிருக்க, துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று பத்திரிகையில் அறிவிப்பு வரும் நாட்களும், காற்றடித்தால் இரண்டு நிமிஷம் போய்வரும் மாலைகளும் ஏராளம். “கரண்டு வந்துருச்சு” என்று யாரோ கத்துகிறார்கள், மின்விசிறி சுழல்கிறது, பெட்டியின் பச்சை விளக்கு நாலைந்து முறை சிமிட்டுகிறது. பாட்டு மட்டும் வரவில்லை. கீபோர்டும் திரையும் இல்லாத பெட்டியை எழுபது வயதுப் பெரியவர் என்ன செய்வார்?

எம்.பி.டி.யின்மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. எந்த நிலையம், எவ்வளவு ஒலி, பாடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா என்பதையெல்லாம் ‘ஸ்டேட்’ என்ற சிறு கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு உண்டு. அமைப்புக் கோப்பில் அந்தக் கோப்பின் இடத்தைக் குறிப்பிட்டு, ‘ரெஸ்டோர் பாஸ்டு’ என்னும் வரியை ‘நோ’ என்றே விட்டுவைத்தால், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து பாட முற்படும். இதிலும் ஒரு சூட்சுமம்: நிலையத்தை மாற்றிய க்ஷணமே அது குறித்துக்கொள்வதில்லை, சாதாரணமாக 120 விநாடி பொறுத்துத்தான் எழுதுகிறது. மாற்றிய ஒரு நிமிஷத்துக்குள் மின்சாரம் போய்விட்டால், பழைய நிலையமே அதன் நினைவில் நிற்கும்.

உண்மையான சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் வானொலிப் பெட்டியும், கேபிள்காரர் வைத்துவிட்டுப் போன ஃபைபர் மோடமும் ஒரே சமயத்தில் விழித்தெழுகின்றன. பெட்டி அரை நிமிஷத்தில் தயாராகி நிலையத்தைத் தேடிப் போகும்போது, மோடம் இன்னும் விளக்கு விளக்காக ஏற்றிக்கொண்டிருக்கிறது. பந்தி விரிக்குமுன் இலைக்கு வந்து உட்கார்ந்த விருந்தாளியைப் போல, கேட்டதும் கிடைக்கவில்லை என்று எம்.பி.டி. முயற்சியைக் கைவிட்டு மௌனமாகிவிடுகிறது. பிணையம் வந்த பிறகே எம்.பி.டி.யைத் தொடங்கு என்று, பெட்டியில் நிரல்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டிக்குக் கட்டளையிடலாம். அதுவும் ஒரு எல்லை வரைதான் காத்திருக்கும், மோடத்துக்கு அதைவிட அதிக நேரம் பிடித்தால் காத்திருந்தது வீண். ‘அறுபது விநாடி தூங்கு, பிறகு பாடு’ என்று எழுதிவைக்கும் சம்பிரதாயமும் உண்டு. என்னுடைய அபிப்பிராயத்தில் அது ஜோசியம்.

ஸ்திரமான வழி, பத்து விநாடிக்கு ஒருமுறை ‘பாடுகிறதா?’ என்று விசாரித்து, இல்லையென்றால் மீண்டும் பாடச் சொல்லும் பத்து வரிச் சிறு நிரலை, பெட்டி எழும்போதே ஓடும்படி வைப்பதாகும். பாட்டு ஒருமுறை வந்துவிட்டதும் அந்த நிரல் விலகிக்கொள்ள வேண்டும் என்பதை மறக்கலாகாது. இல்லாவிட்டால் மத்தியானத் தூக்கத்துக்காகப் பாட்டி வேண்டுமென்றே நிறுத்திய வானொலியைப் பத்தாவது விநாடியில் அது மறுபடியும் அலற வைத்துவிடும்.

அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் மெமரி கார்டும் பலியாகக்கூடும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அற்றால் கோப்புகள் சிதைகின்றன. இதற்காகவே கார்டில் எதையும் எழுதாமல் பூட்டிவைக்கும் ஓவர்லே என்னும் ஏற்பாடு இருக்கிறது. பூட்டிய கார்டில் ஸ்டேட் கோப்பும் எழுதப்படாது. ஆகவே கார்டைக் காப்பாற்றினால் ஞாபகம் போகிறது, ஞாபகத்தைக் காப்பாற்றினால் கார்டு போகிறது. கடிகாரமும் இந்தச் சிக்கலில் வந்து மாட்டிக்கொள்கிறது. பேட்டரி வைத்த கடிகாரம் இல்லாத பெட்டி, கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே நாளை எண்ணத் தொடங்கும். கார்டு பூட்டியிருந்தால் அந்தக் குறிப்பு மாதக்கணக்கில் பழையதாக இருக்கும். நேற்று புதுப்பிக்கப்பட்ட நிலையத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் அதன் கண்ணுக்கு இன்னும் பிறவாத தேதியுடையதாகத் தோன்ற, இணைப்பையே மறுத்துவிடும். இணையத்திலிருந்து சரியான நேரம் வந்து சேர்ந்தவுடன் இது தானே தீரும் என்பதால், அலுக்காமல் விசாரிக்கும் அந்தப் பத்து வரி நிரலே இங்கும் ரட்சகன்.

கார்டா ஞாபகமா என்றால், பெரியவர்களுக்குச் செய்யும் பெட்டியில் கார்டின் பக்கமே என் தீர்ப்பு. வீட்டில் பெரும்பாலும் கேட்பது ஒரே நிலையம்தான்; அதன் முகவரியை நிரலிலேயே எழுதிவிட்டு, ஒலியளவுக்கு ஸ்பீக்கரில் ஒரு குமிழ் வைத்துவிட்டால் போதும். நிலையத்தார் முகவரியை மாற்றிவிட்டால் மட்டும் பூட்டைத் திறந்து திருத்த வேண்டியிருக்கும்.

செய்து முடித்த பெட்டியை ஒப்படைக்குமுன் அன்பர்கள் தயவுசெய்து ஒரு பரீட்சை செய்து பார்க்க வேண்டும். பெட்டியின் பிளக்கை மட்டும் பிடுங்கிச் செருகுவது பரீட்சையாகாது. மோடம் விழித்திருக்கும்போது எந்தப் பெட்டியும் பாடும். வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்து, ஐந்து நிமிஷம் கழித்துப் போட்டு, எதையும் தொடாமல் காத்திருங்கள்.