பேராதனையில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம்

மகாவலி ஆறு வளைத்து ஓடும் பேராதனைத் தாவரவியல் பூங்கா 147 ஏக்கர். 1821இல் தொடங்கிய இந்தத் தோட்டத்தை ஒரே பகலில் சுற்றி முடிக்கக் கிளம்பும் குடும்பத்துக்குக் கால்வலிதான் மிச்சம். நாலைந்து மரங்களே போதும் என்பேன். சீஷெல்ஸ் தீவின் இரட்டைத் தேங்காய் முற்ற ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும். உலகிலேயே பெரிய விதை அதுதான். ஆற்றோரத்து ராட்சத மூங்கிலோ மழைக்காலத்தில் ஒரே நாளில் ஓரடி வரை வளரும். டிக்கெட் காசு வீணாகாதா என்று கேட்கலாம். ஓடி ஓடிப் பார்த்த மரங்களில் எது மறுநாள் நினைவிருக்கிறது? பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்பது பாதி உண்மை. பெயர்ப்பலகை முன் நிறுத்திப் பாடம் நடத்தினால் யாருக்குத்தான் சலிக்காது? நாகலிங்க மரத்தடியில் விட்டுப் பாருங்கள்: அடிமரத்திலேயே பூ, பக்கத்தில் பீரங்கிக் குண்டு போலக் காய். 1901இல் பின்னாளைய ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நட்டது என்ற கதையைப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம்.