கிற்றாரும் இசையிலக்கணமும்: கண்டிப் பிரதேசத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கண்டி நகரிலும், பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை முதலிய அயலூர்களிலும், ஹந்தானை, தெல்தோட்டை, புசல்லாவைப் பகுதித் தோட்டங்களிலும் இளைஞர் கையில் நாம் அடிக்கடி காணும் வாத்தியம் கிற்றார் ஆகும். திருமண மண்டபம், தேவாலயம், பல்கலைக்கழக விடுதி, லயக் காம்பிராவின் முன்திண்ணை ஆகிய யாவற்றிலும் அது ஒலிக்கின்றது. இதனை வாசிப்போரிடம் இசையிலக்கணம் பற்றிப் பேச்செடுத்தால், ‘கையும் காதும் இருக்க ஏடு எதற்கு?’ என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. இவ்விடையில் ஓரளவு நியாயமுண்டு. ஆயினும், அதன் பின்னால் மறைந்துள்ள சமூகக் காரணிகளையும், அதனால் ஏற்படும் இழப்பையும் நோக்குவது அவசியமாகின்றது.

கிற்றார் பயிலத் தொடங்கும் ஒருவர் முதலிற் கற்பது விரல்களை வைக்கும் வடிவங்களையே. சி, எஃப், ஜி என்னும் மூன்று கோட்டுகளை, அதாவது சுரக்கூட்டுகளை, அவர் பிடிக்கப் பழகிவிட்டால் பைலாப் பாடல்களிற் பெரும்பாலானவற்றுக்கும், 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பிரபலப்படுத்திய தமிழ்ப் பொப் பாடல்கள் பலவற்றுக்கும் துணை வாசிக்கலாம். இடர்ப்பாடு பாடகர் மாறும்போதே தோன்றுகின்றது. ஒரு கட்டையிற் பயின்ற பாடலை மேடையில் ஒரு பாடகி நான்கு கட்டையிற் கேட்கின்றார். வடிவத்தை மாத்திரம் அறிந்தவர் இவ்விடத்திற் கைபிசைந்து நிற்க நேரிடுகின்றது. அம்மூன்று கோட்டுகளும் முறையே ச, ம, ப என்னும் சுரங்களின்மீது எழுந்தவை என்பதை அறிந்தவரோ, எஃப்பை ஆதார சட்ஜமாகக் கொண்டு எஃப், பி பிளாற், சி எனக் கணக்கிட்டு விடுவார்; அல்லது ஐந்தாம் மெட்டிற் கப்போவைப் பூட்டிப் பழைய வடிவங்களையே வாசிப்பார். கப்போ பலரிடம் உண்டு. அதை எத்தனையாம் மெட்டிற் பூட்டுவது என்பதைத்தான் தட்டித்தடவிக் கண்டுபிடிக்கின்றனர்.

மெட்டு என்ற சொல்லை நாம் வீணையிலிருந்து எடுத்துக்கொண்டோம். அது தற்செயலன்று. வீணையின் 24 மெட்டுகளும் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரத்தானங்கள் என்ற அடிப்படையில் அமைந்தவை. கிற்றாரின் மெட்டுகளும் அவ்வாறே. வேறுபாடு கணக்கிலேயே உள்ளது. 650 மில்லிமீற்றர் நீளமுள்ள கிற்றார்த் தந்தியிற் பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியான 325 மில்லிமீற்றரில் அமைகின்றது. ஏழாம் மெட்டின் பஞ்சமம் இயற்கையான பஞ்சமத்திலிருந்து அரை மில்லிமீற்றரளவே விலகுகின்றது. ஆனால், நான்காம் மெட்டின் அந்தர காந்தாரமோ ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் விலகிச் சற்றுக் கூர்மையாக ஒலிக்கின்றது. எல்லாச் சுருதிகளிலும் ஒரே வாத்தியத்தை வாசிப்பதற்காக, ஒவ்வொரு மெட்டையும் சம விகிதத்தில் வைத்தமையால் விளைந்த சமரசம் இது. ஜி கோட் இனிமையாக ஒலிக்கும்படி இரண்டாம் தந்தியைச் சற்றுத் தளர்த்துபவர், அடுத்து ஈ கோட் பிடித்தவுடன் அது பிசகுவதைக் கேட்கின்றார். முன்னதில் அத்தந்தி காந்தாரம், பின்னதிற் பஞ்சமம். இதனை அறியாதவர் தந்தியையும் கடைக்காரரையும் குறைகூறுவர்.

இனி, நம்மவருக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணத்தை நோக்குவோம். சங்கராபரணத்தின் ஏழு சுரங்களை ஒன்றுவிட்டொன்றாக அடுக்கினால் ச, ம, ப ஆகியவற்றின்மீது மேஜர் கோட்டுகளும், ரி, க, த ஆகியவற்றின்மீது மைனர் கோட்டுகளும் கிடைக்கின்றன. ஆனால், மோகனத்தில் மத்திமமும் நிஷாதமும் இல்லை. ஆகவே அந்த ஐந்து சுரங்களுக்குள் ச‑க‑ப என்னும் சி மேஜரும், த‑ச‑க என்னும் ஏ மைனருமே முழுமையாக அமையும். மோகனத்தில் அமைந்த பாடலுக்குப் பழக்கத்தின் காரணமாக எஃப், ஜி கோட்டுகளை வாசிப்பவர், இராகத்திலில்லாத மத்திமத்தையும் நிஷாதத்தையும் உள்ளே கொணர்கின்றார். அது தவறு என்று நாம் கூறவரவில்லை. திரையிசை அதனைத் துணிந்து செய்து அழகும் கண்டுள்ளது. தெரிந்து செய்வதும் தெரியாமற் செய்வதும் ஒன்றல்ல என்பதே எமது வாதம். தெரியாமற் செய்பவர், பாடல் எவ்விடத்தில் நிறம் மாறியது என்பதைப் பாடகருக்கு எடுத்துச் சொல்ல இயலாது.

பீற்றில்ஸ் குழுவின் போல் மக்காட்னிக்கு இசைக்குறியீடு வாசிக்கத் தெரியாது என்பதைப் பலர் எதிர்வாதமாக முன்வைப்பர். குறியீடு வேறு, இலக்கணம் வேறு. 1960 முதல் 1962 வரை ஹம்பேர்க் நகர விடுதிகளில் இரவிரவாக வாசித்த அவ்விளைஞர் கோட்டுகளின் உறவை ஏட்டினாலன்றிப் பழக்கத்தாற் கற்றனர். எழுத்தறியாதோரிடம் இலக்கணமில்லை என்று கருதுவது தவறு என்பதற்குக் கண்டியே சான்றாகும். எசல பெரஹராவில் முழங்கும் கெட்ட பெரயைப் பயில்பவர் தத், ஜித், தொம், நம் என்னும் நான்கு அடிப்படைச் சொற்களை வாயாற் சொல்லிப் பழகியே கையால் அடிக்கின்றார். கூத்தின் தாளக்கட்டுகளை அண்ணாவியார் சொல்லிக் கொடுப்பதும் இவ்வாறே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பேராதனையில் மேடையேற்றிய காலத்தில், அண்ணாவிமாரின் இவ்வறிவும் பல்கலைக்கழகத்தின் கவனத்தைப் பெற்றது. தோட்டங்களிற் காமன் கூத்துக்குத் தப்படிப்போரிடமும் அடிவகைகள் பற்றிய நுட்பமான அறிவு உண்டு.

அவ்வாறாயின் கிற்றாருக்கு மாத்திரம் இவ்வறிவு ஏன் வந்து சேரவில்லை? எமது கருத்தில், இது மொழியும் வர்க்கமும் சம்பந்தப்பட்ட விடயமாகும். மேலைத்தேய இசையிலக்கணம் இங்கு ஆங்கிலத்தில், பெரும்பாலும் வசதிபடைத்தோர் பயிலும் பாடசாலைகளிலும் தனியார் வகுப்புகளிலும் கற்பிக்கப்பட்டு வந்தது. இலண்டன் நிறுவனங்களின் பரீட்சைகளும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. கர்நாடக சங்கீதமோ தமிழிற் கற்பிக்கப்படுகின்றது. ஆனால் அவ்வகுப்பிற் கிற்றாருக்கு இடமில்லை. பாடசாலைப் பாடத்திட்டத்தில் இரண்டும் தனித்தனிப் பாடங்கள். இவ்விரு கதவுகளுக்கும் வெளியே, தோட்டத்து இளைஞன் பிறர் கைவிரலைப் பார்த்துப் பழகுகின்றான். அவனது திறமை மேடையிற் பாராட்டப்படுகின்றது. இசையமைப்புப் பொறுப்போ இலக்கணம் கற்ற வேறொருவரிடமே செல்கின்றது.

இக்கதவுகளை உடைத்தவர்களுள் இளையராஜா குறிப்பிடத்தக்கவர். 1943இற் பண்ணைப்புரத்திற் பிறந்த அவர், தமையன் பாவலர் வரதராசனின் குழுவிற் பாடியும் வாசித்தும் வளர்ந்தார். பொதுவுடைமைக் கட்சி மேடைகளின் பாடகரான வரதராசன், 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே பாடியவர் என்பது மலையக வாசகருக்குச் சுவையான செய்தியாகும். பின்னர் சென்னை சென்ற இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைத்தேய இசையிலக்கணம் பயின்றார். இலண்டன் டிரினிற்றி கல்லூரியின் செவ்வியல் கிற்றார்ப் பரீட்சையிலும் தேறினார். 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது, நாட்டார் மெட்டுகளைச் சிதைக்காது அவற்றுக்கு வாத்தியக்கோப்பு அமைக்க இக்கல்வி உதவியது. கிராமத்து இசையை இலக்கணம் கொன்றுவிடும் என அஞ்சுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

தமிழில் இதனைக் கற்பிக்கச் சொற்கள் இல்லை என்பதும் பொருந்தாது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலானந்தர், விஞ்ஞானப் பட்டதாரியாகவும் விளங்கியமையால், கணிதத்தின் துணையுடன் பழந்தமிழிசையை ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். சங்கராபரணத்தைத் தைவதத்திலிருந்து தொடங்கி வாசித்தால் நடபைரவி பிறப்பதையும், மத்திமத்திலிருந்து தொடங்கினாற் கல்யாணி பிறப்பதையும் பண்ணுப்பெயர்த்தல் என்னும் பழைய சொல்லாற் கூறலாம். கிற்றாரில் இதனைச் செய்துகாட்டப் புதிய விரலமைப்பும் வேண்டியதில்லை; தொடங்கும் சுரத்தையும் முடிக்கும் சுரத்தையும் மாற்றினாற் போதும். கோட் என்ற சொல்லையும் தமிழாக்கியே தீரவேண்டும் என்று நாம் வற்புறுத்தமாட்டோம். வயலின் என்ற பெயரை மாற்றாமலே கர்நாடக இசை அவ்வாத்தியத்தைத் தனதாக்கிக் கொண்டது. தமிழ்மொழிமூல வகுப்பொன்றில் முதல் நாள் மோகனத்தை ஒரே தந்தியில் 0, 2, 4, 7, 9, 12 ஆகிய இடங்களில் வாசிக்கச் செய்து, மறுநாள் அதற்குரிய அவ்விரு கோட்டுகளையும் மாணவர் தாமாகவே தேடிக் கண்டுபிடிக்குமாறு விடலாம்.