குண்டூசி காட்டும் எல்லை



இலவங்காய் பறிப்புக் காலம் வந்துவிட்டால் போடி, வருசநாட்டுப் பக்கத்தில் மரத்திலிருந்து விழுந்தவர்கள் எங்கள் வார்டுக்கு வருவதுண்டு. தென்னையிலிருந்து விழுகிறவர்களும் உண்டு. டாக்டர் குண்டூசியைக் கையில் எடுத்து, கால் பெருவிரலில் தொடங்கி மேல்நோக்கித் தொட்டுக்கொண்டே வருவார். "தெரியுதா?" "தெரியல ஐயா." தொப்புளுக்குச் சற்று மேலே வந்ததும், "இப்பத் தெரியுது!" தண்டுவடம் எந்த மட்டத்தில் அடிபட்டிருக்கிறது என்று எக்ஸ்ரே படம் வருவதற்கு முன்பே டாக்டர் குறித்துக்கொள்வார்.

இது எப்படி? தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிகின்றன. ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் தோலில் ஒரு பங்கு உண்டு. கட்டைவிரல் கழுத்தின் 6ஆம் நரம்புக்கு, சுண்டுவிரல் 8ஆம் நரம்புக்கு, தொப்புள் மார்புப் பகுதியின் 10ஆம் நரம்புக்கு. நம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயல்களுக்குப் போகிறதல்லவா? மேலே கரை உடைந்தால் கீழ்வயல்கள் எல்லாம் காயும். உட்காருமிடம் கடைசி நரம்புகளின் பங்கு. அங்கே கொஞ்சமாவது உணர்ச்சி மிஞ்சியிருந்தால் டாக்டரின் முகம் மலரும். தண்டுவடம் முழுவதும் அற்றுப்போகவில்லை, தேற வழியுண்டு என்று அர்த்தம்.

மூளையிலும் சரீரத்தின் படம் ஒன்று உண்டு. கனடாவில் மான்ட்ரியல் நகரத்து டாக்டர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்து 1937இல் அதை வெளியிட்டார். கால் உச்சியில், முகம் கீழே; உதட்டுக்கும் கட்டைவிரலுக்கும் பெரிய இடம், முதுகு முழுவதற்கும் சிறிய இடம்! சென்னை ஸ்டான்லியில் படித்த டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்த சிலருக்கு முகத்தைத் தொட்டால் இல்லாத கையில் தொடுகை தெரிவதை 1990களில் விளக்கினார். அந்தப் படத்தில் கையும் முகமும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

"என் காலு மடங்கிக் கெடக்கு, நேராக்கி விடுங்க" என்று ஒரு சகோதரர் எங்களிடம் கெஞ்சினார். கால் நேராகத்தான் இருந்தது. புத்தி தடுமாறுகிறது என்று நினைத்து ஜெபித்துவிட்டு வந்தோம். அது எங்கள் அறியாமை. செய்தி நின்றுபோனாலும் மூளையில் கால் இருக்கிறது. இப்போது அப்படிக் கேட்டால் காலைக் கையில் தாங்கி, அவர் கண்ணுக்குக் காட்டுகிறோம்.

வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணர்.

உணர்ச்சியற்ற தோல் புண்ணாகும்போது முறையிடாது. ஆகவே இரவிலும் இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கிறோம். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு காற்று மெத்தைகளுக்குச் செல்கிறது.

ஒரு விண்ணப்பம். விழுந்தவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி வைத்துக் கொண்டுவருகிறார்கள். அரைகுறையாய்த் தப்பிய தண்டுவடம் வழியிலேயே அற்றுப்போகலாம். 108ஐ அழையுங்கள். அதுவரை அசைக்காதீர்கள். தூக்கியே ஆகவேண்டுமானால் தலை, கழுத்து, இடுப்பு ஒரே நேராக இருக்க, நாலுபேர் சேர்ந்து பலகையிலோ கதவிலோ கிடத்துங்கள். ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் இதைத் தயவுசெய்து வாசியுங்கள்.