எளிமை வேறு, வறுமை வேறு

"எளிமையாக வாழுங்கள்" என்று பலரும் நமக்குப் புத்திமதி சொல்வதுண்டு. சம்பள உயர்வு கேட்கும்போதும் சிலர் இதையே சொல்வார்கள். ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டதும் தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சலிப்பு ஏற்படுவது இயல்பே. எளிமை எது, வறுமை எது என்று பிரித்துப் பார்க்க, அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாறு நமக்கு உதவும்.

ஸ்காட் நியரிங் 1883ஆம் ஆண்டு பிறந்தவர்; பொருளாதாரப் பேராசிரியர். சிறு பிள்ளைகளை வேலைக்கு வைப்பது கொடுமை என்று எழுதியும் பேசியும் வந்தவர். 1915இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. பின்னர் உலகெங்கும் பொருளாதார மந்தம் வந்தது. மலாயாவில் ரப்பர் விலை விழுந்து, பல்லாயிரம் தமிழர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அதே காலம்தான் அது. 1932இல் ஸ்காட்டும், வயலின் பயின்றவரான ஹெலன் அம்மையாரும் நியூயார்க் நகரை விட்டு, வெர்மான்ட் மாநிலத்தில் பாழடைந்த ஒரு பண்ணையை வாங்கிக் குடியேறினார்கள்.

அங்கே கிடந்த கற்களைப் பொறுக்கித் தாங்களே வீடு கட்டினார்கள். விறகு சொந்தக் காட்டிலிருந்து வந்தது. இலைதழைகளை மக்கவைத்து எருவாக்கிக் காய்கறி பயிரிட்டார்கள். வெர்மான்ட்டில் பனிக்காலம் நீண்டது. அதற்கு வேண்டிய கிழங்குகளையும் காய்களையும் நிலவறையில் சேமித்து வைத்தார்கள். இறைச்சி உண்பதில்லை.

உப்பு, வரி, தபால் ஆகியவற்றுக்குக் காசு வேண்டுமல்லவா? அதற்கு அவர்கள் நம்பியது ஒரு மரத்தை! மேப்பிள் என்பது அதன் பெயர். நாம் உள்மரத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவி, வடியும் பாலை மங்கில் பிடிக்கிறோம். அவர்களோ மரத்தில் சிறு துளையிட்டு, குழாய் செருகி, வாளியைத் தொங்கவிடுவார்கள். குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் இருக்கும் சில வாரங்களில் மட்டுமே சாறு இறங்கும். அது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். அந்த ஆண்டுக்கு எவ்வளவு பணம் தேவை என்று அவர்கள் முன்கூட்டியே கணக்கிட்டார்கள். அந்தத் தொகை கிடைக்குமளவு விளைந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். கடன் வாங்குவதில்லை. நாளில் நான்கு மணி நேரம் பிழைப்புக்கான உழைப்பு. இன்னும் நான்கு மணி நேரம் படிப்பு, எழுத்து, இசை.

அருகிலிருந்த மலை பனிச்சறுக்கு விளையாட்டுத் தலமாக மாறத் தொடங்கவே, 1952இல் மேய்ன் மாநிலத்திற்குப் பெயர்ந்தார்கள். அனுபவத்தை 1954இல் நூலாக எழுதினார்கள். ஸ்காட் நூறு வயது நிறைந்து 1983இல் மறைந்தார். ஹெலன் 1995இல் மறைந்தார்.

இவர்களைக் காட்டி, "நீங்களும் குறைவைக் கொண்டு திருப்தியடையுங்கள்" என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்களுடைய நிலம் அவர்களுக்கே சொந்தம். அவர்கள் நேரமும் அப்படியே. வேண்டாமென்றால் போய்விடலாம். லயத்து வீடோ வேலையோடு ஒட்டியது. தோட்டம் விற்கப்பட்டபோது குடியிருப்பையும் இழந்த குடும்பங்கள் நம் நாட்டில் பல. தானாகத் தேர்ந்துகொள்வது எளிமை. வேறு வழியின்றித் தலையில் விழுவது வறுமை. மேலும், அந்தப் பண்ணையில் வளர்க்க வேண்டிய சிறு பிள்ளைகள் இல்லை. எளிமையின் பெயரால் நம் பிள்ளைகளின் படிப்பை நிறுத்துவது தகாது.

ஆனால் அவர்களுடைய கணக்கு நமக்கும் உதவும். தவணைக்குப் பொருள் எடுக்கும் முன், ஆண்டுச் செலவைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். மிச்சமாகும் வெள்ளி சொந்த வீட்டுக்கு முதலாகட்டும். நம் மண்ணில் பனிக்காலம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி இருந்தாலும் வெண்டை, கத்தரி, கீரை ஆண்டு முழுவதும் விளையும். ஒரு முருங்கை போதும் கறிக்கும் குழம்புக்கும். மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு புத்தகத்தைத் திறவுங்கள். இதற்குக் காசு செலவில்லை.