இணையத்தளக் கலைச்சொற்கள் சில

கல்லூரிகளும் சங்கங்களும் இன்று இணையத்தளம் அமைத்துத் தம் செய்திகளை வெளியிட்டு வருகின்றன. அவற்றை நடத்துவோர் வழங்கும் சொற்கள் பல, கேட்போர்க்கு மயக்கந் தருவன. சொல்லின் பொருள் விளங்காதவிடத்துக் காரியமும் பிழைபடும்; ஆதலின் அவற்றுட் சிலவற்றை ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

எழுத்தையும் படத்தையும் சேர்த்து வைத்து, ஒழுங்குபடுத்தி, வாசிப்போர்க்குக் காட்டும் மென்பொருளை உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்பர். 2001 இல் வெளிவந்த ட்ரூபல், 2003 இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், 2005 இல் வெளிவந்த ஜூம்லா என்பன இவ்வகையின. பெரிதும் வழங்கும் வேர்ட்பிரஸையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இம்முறைமையின் உயிர்நிலை ஒன்றே: உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு. இம்மலரையே நோக்குக. கட்டுரையாளர் தந்த கையெழுத்துப்படி உள்ளடக்கம். எழுத்தின் பருமனும் பக்க அமைப்பும் தோற்றம். இணையத்தளத்திலே தோற்றத்தை வகுப்பது ‘தீம்’. இதனைச் சிலர் ‘கருப்பொருள்’ என மொழிபெயர்ப்பர். அகத்திணை கற்ற மாணாக்கர்க்கு அச்சொல் வேறு பொருள் தருமாகலின், ‘ஒப்பனை’ என்பதே பொருந்தும் என்பது எமது கருத்து. ஒப்பனை மாறினும் நடிகன் மாறான் அன்றோ? புதிய வசதியொன்றைச் சேர்க்கப் பொருத்துவது ‘சொருகி’.

‘பதிவு’ நாளிட்டு வருவது, புதியது முன்னிற்கும். விளையாட்டுப்போட்டிச் செய்தி பதிவாகும். ‘பக்கம்’ நாளைச் சாராது நிலைத்திருப்பது. கல்லூரி வரலாறு பக்கமாகும். ‘வகை’ நூலகத்தின் அலுமாரிப் பிரிவு போன்றது. வகைக்குள் உட்பிரிவும் உண்டு. ‘குறிச்சொல்’ நூலின் ஈற்றிலுள்ள சொல்லடைவு போன்றது, உட்பிரிவு அதற்கில்லை.

வெளியிடப்படாதது ‘வரைவு’. பங்களிப்பாளர் வரைவு எழுதலாம், வெளியிடல் இயலாது. எழுத்தாளர் தமதை வெளியிடலாம். பத்திராதிபர் எவரதையும் திருத்தி வெளியிடலாம். நிருவாகியோ முறைமையையே மாற்ற வல்லவர். பொறுப்பறிந்து உரிமை வழங்குதல் நன்று.

நிற்க. எல்லாவற்றினும் இன்றியமையாதது ‘காப்புப்படி’. எமக்கு அறிமுகமான சங்கமொன்று தன் தளத்தை வேறிடத்துக்கு மாற்றியபோது, கோப்புகளை மட்டும் பிரதிசெய்து, பழைய இடத்தைக் கைவிட்டது. படங்கள் கோப்புகளாய் இருந்தமையால் வந்து சேர்ந்தன. கட்டுரைகளும் படங்களின் கீழ் எழுதிய பெயர்களும் தரவுத்தளத்தில் இருந்தமையால் அழிந்தொழிந்தன. இன்று அப்படங்களிலே முகங்கள் உள, பெயர்கள் இல. அவற்றை அடையாளங்காட்ட வல்ல முதியோர் பலரும் மறைந்துவிட்டனர். ‘தரவுத்தளம்’ என்னும் ஒரு சொல்லின் பொருளை அறியாமையால் நேர்ந்த இழப்பு இது.

ஆதலின் பழைய மாணவர்காள், உங்கள் சங்கத்துத் தளத்தை நடத்துவோரிடம் இரண்டு வினாக்கள் கேண்மின். கோப்புகள், தரவுத்தளம் இரண்டுக்கும் காப்புப்படி உண்டா? நிருவாகியின் திறவுச்சொல்லைப் பொறுப்புள்ள வேறொருவரும் அறிவரா? இரண்டுக்கும் ‘ஆம்’ என விடை வருமாயின், இன்று நாம் எழுதுவன அடுத்த விழாமலர்க் காலத்தும் எஞ்சி நிற்கும்.