படுக்கைப் புண்: கண்டறிவதும் எழுதி வைப்பதும்



குகைவாசிகளின் வரலாற்றை வெள்ளிதோறும் ஸூரத்துல் கஹ்ஃபில் ஓதி வருகிறோம். நெடுந்துயிலில் கிடந்த அந்த இளைஞர்களை அல்லாஹ் வலப்புறமும் இடப்புறமும் புரட்டி வந்ததாக அதன் 18ஆம் வசனம் அறிவிக்கிறது. நோயாளியைப் பராமரிப்போர்க்கு இதில் அரிய படிப்பினை உண்டு.

பக்கவாதத்தாலோ முதுமையாலோ படுத்த படுக்கையான பெற்றோர் உங்கள் இல்லத்தில் உள்ளனரா? அசையாத உடலின் எடை முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் போன்ற எலும்பு புடைத்த இடங்களை அழுத்துகிறது. அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சதை மடிகிறது. இதுவே படுக்கைப் புண்.

மருத்துவர்கள் இதனை 4 நிலைகளாகப் பிரிப்பர். தோல் கிழியாமல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காதிருப்பது முதல் நிலை. கருநிற மேனியில் சிவப்பு எளிதில் புலப்படாது. சூடு, இறுக்கம், வலி ஆகியவற்றைத் தொட்டும் கேட்டும் அறிய வேண்டும். மேல்தோல் உரிவது அல்லது கொப்புளம் எழுவது இரண்டாம் நிலை. உள்ளிருக்கும் கொழுப்புத் தெரிவது மூன்றாம் நிலை. தசையோ எலும்போ தெரிவது நான்காம் நிலை. கரும் பொருக்கு மூடி ஆழம் தெரியாவிடில், நிலை கணிக்க இயலாதது என்றே எழுதுவர்.

அமெரிக்க மருத்துவப் பதிவேடுகளில் இப்புண்ணுக்கு 'எல் 89' என்பது குறியீடு. இடத்துக்கும் நிலைக்கும் அதனுள் தனித்தனி எண்கள் உண்டு. சென்னையிலும் நம் பிள்ளைகள் பலர் இக்குறியீட்டுப் பணியைச் செய்கின்றனர். புண் உண்டென்பதை மருத்துவர் எழுத வேண்டும். நிலையைச் செவிலியர் குறிப்பிலிருந்தும் எடுக்கலாம். குறிப்பில் இல்லாததற்குக் குறியீடும் இல்லை. மருத்துவமனையில் சேர்ந்தபின் தோன்றும் 3, 4ஆம் நிலைப் புண்ணுக்கென 2008 அக்டோபர் முதல் அந்நாட்டு அரசுக் காப்பீடான மெடிகேர் கூடுதல் தொகை தருவதில்லை. ஆகவே, சேரும்போதே புண் இருந்ததா என்பதை அங்கே கவனமாகப் பதிகின்றனர்.

இவ்வொழுங்கு நம் இல்லத்துக்கும் தேவையன்றோ? 'நேற்று எப்படி இருந்தது?' என்று மருத்துவர் வினவும்போது நினைவு தடுமாறும், ஏடு தடுமாறாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, புண்ணின் இடம், நீளம், அகலம், நிறம், நாற்றம், சீழ் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். மருத்துவமனையில் சேர்க்கும் நாளிலும் வீடு திரும்பும் நாளிலும் உடல் முழுவதையும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பார்க்கும்போது அவர்களின் மானம் மறைக்கப்படட்டும்.

ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். ஈரம் தங்க விடாதீர்கள். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். வளையத் தலையணை வைக்காதீர்கள். காய்ச்சலோ சீழோ கருமையோ கண்டால் தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள்.

நாள்தோறும் சுப்ஹு தொழுததும் பெற்றோரின் முதுகையும் குதிகாலையும் ஒருமுறை பாருங்கள். முதல் நிலையிலேயே கண்டுகொண்டால், இன்ஷா அல்லாஹ், புண்ணாகாமலே காத்துவிடலாம். நம்மைத் தூக்கி வளர்த்தவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது சுமையன்று. நமக்குக் கிட்டிய நற்பேறு.