முயலுக்குச் சிங்களம் பேசக் கற்றுக்கொடுத்தவர்

கிருலப்பனை மாவத்தையில் 163ஆம் இலக்கம் பத்திரிகைக்காரர்களுக்கு நன்கு பழகிய முகவரி. அரசாங்கத் தகவல் திணைக்களம் அங்கேதான் இருக்கிறது. ஊடக அடையாள அட்டைக்காக ஒரு தடவையாவது அந்தப் படியேறாத செய்தியாளர் கொழும்பில் குறைவு. அந்தத் திணைக்களத்துக்கு ஒரு திரைப்படப் பிரிவு உண்டு என்பதோ, இலங்கை சினிமாவின் பெரிய பெயர்கள் சில அதிலிருந்துதான் புறப்பட்டன என்பதோ அட்டைக்குக் காத்திருப்பவர்களின் நினைவுக்கு வருவதில்லை.

அரசாங்கத் திரைப்படப் பிரிவு 1948இல் தொடங்கியது. ஆரம்பத்தில் அதை நடத்த வந்த இத்தாலியர்களில் ஒருவர் ஜூலியோ பெட்ரோனி. இங்கே விவரணப் படம் எடுத்தவர், ஊர் திரும்பிய பின் கவ்பாய் படங்களில் பெயர் வாங்கினார் என்பது தனிக் கதை. அடுத்து ரால்ஃப் கீன் என்ற ஆங்கிலேயர் வந்தார். லண்டனில் பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டிருந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசை 1952இல் கொழும்புக்கு வரவழைத்தவர் அவர்தான். கமராவுக்கு வில்லியம் பிளேக். படத்தொகுப்பு மேசையில் 1929இல் பிறந்த ஓர் இளைஞர், டைட்டஸ் தொட்டவத்த.

மூவரும் அரசாங்கச் சம்பளத்தை விட்டுவிட்டு வெளியேறினார்கள். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமல்ல. சிங்களப் படம் என்றால் தென்னிந்தியாவில் எடுப்பது என்று இருந்த காலம் அது. முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொரொந்துவ' (1947) எஸ். எம். நாயகம் என்ற தமிழரின் தயாரிப்பு. மதுரையில் அவருடைய ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. பின்னணியில் வரைந்த தென்னை மரம், முன்னால் பாட்டு. அந்தப் பழக்கத்தை உடைத்துக் கமராவை வெயிலுக்கும் வயலுக்கும் கொண்டுபோன படம் 'ரேகாவ' (1956). லெஸ்டர் இயக்கினார், பிளேக் படம்பிடித்தார், தொட்டவத்த வெட்டி ஒட்டினார். அடுத்த ஆண்டு கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் படம் போனது. உள்ளூர்த் தியேட்டர்களில் கூட்டம் வரவில்லை.

லெஸ்டரின் பெயர் உலகம் முழுதும் போனது. தொட்டவத்தவின் பாதை வேறு. 'சந்தேசய' (1960) படத்தையும் அவரே தொகுத்தார். பிறகு தானே இயக்கத் தொடங்கி, 1965இல் காமினி பொன்சேகாவை வைத்து 'சண்டியா' எடுத்தார். தலைப்பைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. கலைப் படக்காரர்களோடு வேலை செய்தவர் அடிதடிப் படம் எடுக்கலாமா என்று முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஜனம் ஓடிப்போய்ப் பார்த்தது. ஒரு காட்சியை எந்த நொடியில் வெட்டினால் பார்ப்பவன் நாற்காலி நுனிக்கு வருவான் என்பது தொகுப்பு மேசையில் பல வருடம் உட்கார்ந்தவருக்குத் தெரியாதா? 1979இல் வந்த 'ஹந்தயா' பிள்ளைகளுக்கான படம். மறுவருடம் இத்தாலியில் கிஃபோனி சிறுவர் திரைப்பட விழாவில் அதற்குப் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் செய்தது எல்லாம் பிள்ளைகளை நோக்கியே திரும்பியது என்று பார்த்தால், அந்தப் படம் ஒரு முன்னறிவிப்பு.

அதே 1979இல் இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது. ஏப்ரல் 13ஆம் திகதி, புத்தாண்டுக்கு முதல்நாள், ஐ.டி.என். ஒளிபரப்பைத் தொடங்கியது. கொழும்பையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி அது தெரியாது. ஒரு வீட்டில் பெட்டி வாங்கினால் அன்று மாலை ஒழுங்கை முழுவதும் அங்கே. ஜப்பானின் உதவியோடு கட்டிய ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஆரம்பமானது. பிதுருதலாகலை உச்சியில் கோபுரம் நிறுத்தி நாடு முழுதும் படம் காட்டியது.

சினிமாக்காரர் தொலைக்காட்சிக்குப் போனால் 'இறங்கிவிட்டார்' என்று சொல்வது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். சுவீடனின் இங்மார் பெர்க்மன் 1973இல் ஒரு கல்யாணம் முறிவதை ஆறு பகுதிகளாக அந்நாட்டுத் தொலைக்காட்சிக்கு எடுத்தார். அவருடைய சிறந்த வேலைகளில் ஒன்றாக அதை இன்றும் சொல்கிறார்கள். இங்கே டி. பி. நிஹால்சிங்க 1979இலேயே 'திமுத்து முத்து' என்ற தொடரை வண்ணத்தில் எடுத்துவிட்டார். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, சென்னையில் தேசிய விருதுகள் வாங்கிய பின், சன் டிவிக்காகத் தமிழ்ச் சிறுகதைகளை 'கதை நேரம்' என்று வாராவாரம் படமாக்கினார். இவர்களெல்லாம் தங்கள் படத்தைத் தாங்களே எடுத்தவர்கள். தொட்டவத்த ரூபவாஹினியில் ஏற்றுக்கொண்ட வேலையோ இன்னொருவர் எடுத்து முடித்த படத்துக்கு நாக்கு வைப்பது. டப்பிங்.

அதை வேலையாகவே மதிக்காதவர்கள் பலர். ஆனால் தைத்து முடித்த சட்டைக்கு ஆள் தேடுகிற வேலை அது. படம் மாறாது, நீளம் மாறாது. பாத்திரத்தின் வாய் திறந்தபோது வசனம் தொடங்கி, வாய் மூடும்போது முடிய வேண்டும். திரையில் உதடு ஒட்டும் இடத்தில் 'ப'வோ 'ம'வோ விழாவிட்டால் கண் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் நடுவே வந்துவிடுகிற வினைச்சொல் சிங்களத்தில் கடைசிக்குப் போகிறது, தமிழைப் போலவே. பகிடியின் வெடி எந்தச் சொல்லில் இருக்கிறதோ அந்தச் சொல்லும் இடம் மாறிவிடும். முயல் கண்ணடித்து முடித்த பிறகு பகிடி வந்து என்ன பயன்? வசனம் நீங்கலாக இசையும் சத்தமும் மட்டும் உள்ள தனி ஒலித்தடம் படத்தோடு வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் கதவுச் சத்தத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாகச் சேர்க்க வேண்டும். எந்த நொடியில் வெட்டுவது என்று கை அறிந்த ஒரு படத்தொகுப்பாளருக்கு இந்தக் கணக்கெல்லாம் பழகிய கணக்கு. அந்த வேலைக்கு அவர் பொருந்திப்போனதில் ஆச்சரியமில்லை.

முயல் என்று சொன்னது சும்மா அல்ல. 1940இல் பிறந்த பக்ஸ் பன்னி நியூயோர்க் தெருப் பேச்சில் வாயடிக்கிற முயல். குரல் கொடுத்த மெல் பிளாங்க், ஒலிப்பதிவின்போது உண்மையான கரட்டைக் கடித்து, விழுங்க நேரமில்லாமல் துப்பிவிட்டு அடுத்த வரியைப் பேசுவாராம். அந்த வாயாடித்தனத்தைச் சொல்லுக்குச் சொல் சிங்களமாக்கினால் செத்துப்போகும். தொட்டவத்த அப்படிச் செய்யவில்லை. அவர் கையில் பக்ஸ் பன்னி 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனான். சிங்கள ஊரொன்றில் பிறந்து வளர்ந்த முயலைப் போலவே பேசினான். மிருகங்களோடு பேசும் டாக்டர் டூலிட்டில் 'தொஸ்தர ஹொந்த ஹித' ஆனார். நல்ல மனசு டாக்டர். பாட்டு வரும் இடத்தில் பிள்ளைகள் தெருவில் பாடக்கூடிய சிங்களப் பாட்டு வந்தது. இது வெளிநாட்டுப் படம் என்பதே ஒரு தலைமுறைக்கு மறந்துபோனது. பிறகு ஆங்கில மூலத்தைப் பார்த்தவர்களுக்கு அதுதான் போலியாகத் தெரிந்தது என்று சொல்வார்கள். இதைவிடப் பெரிய பாராட்டு அந்தத் தொழிலில் கிடையாது.

எண்பதுகளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கிருலப்பனையிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் இவற்றைப் பார்த்தார்கள். அந்த வருடங்கள் நல்ல வருடங்கள் அல்ல. 1983 ஜூலைக் கலவரத்தைப் பார்த்த வீடுகள் அவை. தெருவில் தமிழ் பேசத் தயங்கிய காலத்தில், பள்ளிக்கூடம் சொல்லித்தராத சிங்களத்தை வீட்டு மூலையில் இருந்த பெட்டி சொல்லித்தந்தது. அதிகாரத்தின் குரலில் அல்ல; வாயாடி முயலின் குரலில். அரசகரும மொழிக் கொள்கை பற்றிய விவாதங்களில் இந்த விஷயம் ஒருநாளும் வந்ததில்லை. வர வேண்டிய விஷயம்தான்.

தமிழுக்கு ஏன் அப்படி ஒருவர் அமையவில்லை என்பது நியாயமான கேள்வி. டப்பிங் தமிழுக்குப் புதிதல்ல. ஏ. வி. மெய்யப்பன் 1944இலேயே கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேசவைத்துவிட்டார். ஆனால் ரூபவாஹினியின் தமிழ் நேரம் குறைவு. செய்தி, நாடகம், படம் என்று அந்தக் கொஞ்ச நேரமும் பங்குபோடப்பட்டது. பிள்ளைகளுக்காக ஒரு பிரிவை வைத்து, அதற்கு ஒரு சினிமாக்காரரைப் பொறுப்பாக்கும் அளவுக்கு யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. திறமை இருந்தது. வானொலி நாடகத்தில் ஊறிய எத்தனை குரல்கள் கொழும்பில் இருந்தன! ஆள் இருந்தும் மேசை போடப்படவில்லை.

அந்த இடத்தைக் கடைசியில் சென்னை நிரப்பியது. 2007இல் சுட்டி டிவி வந்தது. ஜாக்கி சான் கார்ட்டூனில் வரும் மாமா சென்னைத் தமிழில் சள்ளுப்புள்ளென்று விழுந்ததைக் கொழும்புப் பிள்ளைகள் டிஷ் வழியாகப் பார்த்து அப்படியே பேசிக்காட்டினார்கள். யாழ்ப்பாணத்து வீட்டில்கூட 'இன்னொரு விஷயம்' என்று நீட்டி முழக்கிய குட்டிகள் உண்டு. தொட்டவத்த சிங்களத்தில் செய்ததும் இதே வேலைதான், இருபது வருடத்துக்கு முந்தி.

டைட்டஸ் தொட்டவத்த 2011 ஒக்டோபர் 15ஆம் திகதி, 82ஆவது வயதில் காலமானார். அஞ்சலி எழுதியவர்கள் 'ரேகாவ'வையும் 'சண்டியா'வையும் குறிப்பிடத் தவறவில்லை. நாற்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த வாசகர்களுக்கு அவர் யார் என்று தெரியவைக்க அவை போதவில்லை. ஹரி ஹாவாவின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.